நாணயப் பற்றறி

விசிறி சுழல்கிறது.
பச்சை வெளிச்சமும் எரிகிறது.
திரை மட்டும் கறுப்பு.
மூன்று தரம் விக்கிவிட்டு
ஊமையாகிறது பெட்டி.

"தூக்கி எறியும் அதை" என்கிறார் யோகராசா
சோபாவில் சாய்ந்தபடி.
அவர் எதையும் எறிவார்;
லாங்னவில் குப்பைப் பைக்குக் காசு கட்டுவது நான்.

நவம்பர் முப்பது, ஞாயிறு.
காப்புறுதிக் கட்டணம் இன்றைக்குள் போகவேண்டும்.
கடை ஏதும் திறவாது.
எதிர் மலையை மூடுபனி தின்றுவிட்டது.
ஒரு திருகாணி தரையில் விழுந்தாலும்
கீழ் வீட்டு றாம்சையர் அம்மா
தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பா.

ஆகவே மடித்த போர்வையில் அதைக் கிடத்தி
வெண்ணெய்க் கத்தி முனையால் திறந்தேன்.
ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதை
ஐம்பது பிராங்குக்கு வாங்கியது.
உள்ளே தூசு, பஞ்சு பஞ்சாய்.
எங்கள் வீட்டுத் தூசுதான்,
மிளகாய்த்தூள் வாசம் லேசாய்.

நினைவகத்தைக் கழற்றினேன்.
ஒரு விரல் நீளப் பச்சைப் பலகை.
மகளின் அழிறப்பரால்
அதன் பொன்பற்களைத் தேய்த்தேன்.
நினைவு திரும்ப அழிறப்பர்!
யாரிடம் போய்ச் சொல்ல.

திரும்பப் பொருத்த
'டக்' என்றது, என் முழங்காலைப் போல.
திரை விழித்தது. விழித்ததும்
திகதி தெரியாது, தொடர்வதென்றால்
எஃப் ஒன்றை அழுத்து என்றது.
அவசரத்தில் அழுத்திவிட்டேன்.

வங்கியின் பக்கம் வர மறுத்தது.
அதன் சான்றிதழுக்கு இன்னும்
காலம் தொடங்கவில்லையாம்.
உங்கள் மணிக்கூட்டைப் பாருங்கள் என்றது.

பார்த்தேன்.
மூலையில், சின்ன எழுத்தில்
01.01.2009.

அந்த வருடம் பிறந்து
மூன்றாம் நாளோ நாலாம் நாளோ
தம்பி சேந்தன் எடுத்தான்.
விசுவமடு என்றான். இரைச்சலில் பாதி கேட்கவில்லை.
காசு கேட்கவில்லை அவன்.
"ரேடியோவுக்குப் பற்றறி இல்லை அக்கா,
சைக்கிளைக் கவிட்டு வைச்சு
பெடலைச் சுத்தித்தான் செய்தி கேக்கிறம்"
என்று சிரித்தான்.
அன்று பின்னேரமே நாலு பற்றறி வாங்கினேன்.
எந்தத் தபாலும் அங்கே போகாதென்று தெரிந்தும்.
லாச்சிக்குள்ளேயே கசிந்துபோயின.

தாய்ப்பலகையில், இருபது றாப்பன் காசளவில்
ஒரு வெள்ளிப் பற்றறி. செத்துக் கிடந்தது.
பெட்டி தூங்கும்போதும் நாளை எண்ணுவது அதுதானாம்.
அது போனால், பெட்டி
தனக்குத் தெரிந்த முதல் நாளுக்கே ஓடிவிடுமாம்.

அதே அளவில் ஒன்று
சமையலறைத் தராசின் வயிற்றில் இருந்தது.
"இனி மாவை எப்படி நிறுப்பீர்?"
நான் பதில் சொல்லவில்லை.

நீலத் திரை. இங்கே மவுஸ் நடவாது.
கூட்டல் குறியை ஒருக்கால் தட்டினால்
ஒரு வருடம்.

விரலை வைத்தேன்.
வைத்தபடி இருந்தேன்.
விநாடிகள் மட்டும் ஓடின,
ஒன்பதாம் ஆண்டின் விநாடிகள்.
பன்னிரண்டு, பதின்மூன்று.
சேந்தன் இன்னும் எடுக்கவில்லை.
எடுப்பான், இரண்டு நாளில்.

"என்ன, திரும்பவும் நின்றிட்டுதா?"
இல்லை, நான்தான்.

முதல் தட்டல்.
அதற்குள் தை, மாசி, பங்குனி, சித்திரை,
வைகாசி.

மற்றவை லேசு.
மகள் பிறந்தது ஒரு தட்டல்,
குடியுரிமைப் பரீட்சையில் தோற்றது ஒன்று,
வென்றது ஒன்று,
இவருடைய முதுகு ஒப்பறேஷன்,
ஒன்றுமே நடக்காத இரண்டு மூன்று.
பதினாறில் நிற்கவேண்டும்.
விரல் பழகிப் பதினேழுக்குப் போய்விட்டது.
ஒன்றைக் கழித்தேன்.
கழிக்கவும் ஒரு விசை இருக்கிறது.

சேமிக்கவா என்றது.
ஓம்.

வங்கி திறந்தது. கட்டணம் போனது.
யோகராசா எழும்பி வந்து
திருகாணிகளை எண்ணிப் பார்த்தார்.
ஒன்று மிச்சம்.

இரவு றொட்டிக்கு மாவெடுத்தேன்.
தராசு கண்மூடிக் கிடந்தது.
கையால் அள்ளிப் போட்டேன்.
நாங்கள் மூன்று பேர்.

"மா கூடிப்போச்சு" என்றார்.
தராசு இல்லையே என்றேன்.